ஒருநாள் பூச்சியின் குலமும் கோத்திரமும்

நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும் நாட்களில், அந்தி மயங்கும் நேரத்தில், மோட்டார் கொட்டகையில் எரியும் விளக்கைச் சுற்றி மெல்லிய பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்ப்பதை ஆற்றுப்பாசனப் பகுதி விவசாயிகள் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலையில் விளக்கின் அடியில் அவை செத்துக் குவிந்து கிடக்கும். சிலர் இவற்றை ஈசல் என்று கருதி விட்டுவிடுவார்கள். வேறு சிலரோ குருத்துப்பூச்சியின் தாய் அந்து வந்துவிட்டது என்று எண்ணி, அன்றைக்கே மருந்துக் கடைக்குப் புறப்பட்டு விடுவார்கள். இரண்டுமே சரியல்ல. விளக்கில் வந்து விழும் பூச்சிகளில் ஒரு பகுதி, ஈசலும் அல்லாத, அந்தும் அல்லாத, நெல்லுக்குத் தீங்கே செய்யாத ஒரு தனிக்கூட்டத்தைச் சேர்ந்தது. இதை ஆங்கிலத்தில் மேஃபிளை என்பர். ஐரோப்பிய ஆறுகளில் மே மாதத்தை ஒட்டி இவை பெருங்கூட்டமாகக் கிளம்புவதால் வந்த பெயர் அது. தமிழில் ஒருநாள் பூச்சி என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். விஞ்ஞானிகள் இக்கூட்டத்திற்கு இட்டிருக்கும் 'எபிமெரோப்டிரா' என்ற பெயருக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். ஒரு நாளே வாழ்வது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும், இறகு என்ற பொருளுடைய சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் இது.

பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது. அது எந்தக் குலத்தைச் சேர்ந்தது, யாருக்கு உறவு என்று தெரிந்தால்தான் அது நண்பனா பகைவனா என்று சொல்ல முடியும்.

உறவு தெரிந்தால் என்ன பயன்?

இந்த அறிவு விவசாயிக்குப் புதிதல்ல. கத்தரி வாடல் நோயால் அழிந்த நிலத்தில் அடுத்த பட்டத்திலேயே தக்காளியோ மிளகாயோ போடக்கூடாது என்பது அனுபவத்தில் தெரிந்த செய்தி. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கும் பாக்டீரியா வாடல் மற்றவற்றையும் தாக்குகிறது. பார்வைக்கு உருளைக்கிழங்கும் மிளகாயும் எவ்வளவு வேறுபட்டவை! ஆயினும் பூவைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் வயலிலேயே உண்டு. நெல்லுக்கிடையே முளைக்கும் கோரை, பார்ப்பதற்குப் புல்லைப் போலவே இருக்கும். ஆனால் அதன் தண்டை விரலிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டையாக இருப்பது தெரியும். அது புல் குடும்பமே அல்ல. புல்லைக் கொல்லும் களைக்கொல்லிகளில் பல கோரையைக் கொல்லாமல் போவதற்கு இதுவே காரணம். ஆக, உருவம் ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டக்கூடாது. எந்த உறுப்பைப் பார்த்து உறவு சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். பூச்சிகளுக்கும் இதே நியதிதான்.

ஈசலா, அந்துவா, ஒருநாள் பூச்சியா?

விளக்கடியில் கிடக்கும் பூச்சியில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் மயிர் போன்ற நீண்ட வால்கள் இரண்டோ மூன்றோ இருந்தால் அது ஒருநாள் பூச்சி. உடலைவிட வால் நீளமாக இருப்பதும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது இறகுகளை முதுகின் மேல் செங்குத்தாக, கைகூப்பியது போலச் சேர்த்து நிறுத்தியிருக்கும். முன்னிறகு பெரிதாக, முக்கோண வடிவில் இருக்கும். பின்னிறகு மிகவும் சிறியது. சில இனங்களில் பின்னிறகே கிடையாது.

ஈசலுக்கு வால் கிடையாது. நான்கு இறகுகளும் ஒரே அளவு. அவற்றை முதுகின் மேல் தட்டையாகப் படிய வைக்கும், தரையில் இறங்கியதும் உதிர்த்துவிடும். குருத்துப்பூச்சியின் பெண் அந்து மஞ்சள் நிறம். முன்னிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரியும், வயிற்றின் நுனியில் மஞ்சள் மயிர்க்கற்றை இருக்கும், இறகைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டும். ஒருநாள் பூச்சியின் இறகில் அத்தகைய தூள் இல்லை. அது கண்ணாடிக் காகிதம் போன்றது.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். மருந்து தெளிப்பதற்கு ஆகும் செலவையும் கூலியையும் எண்ணிப் பார்த்தால் அந்த இரண்டு நிமிடம் வீண் அல்ல.

மடக்கத் தெரியாத இறகு

பறக்கும் பூச்சிகளில் பெரும்பாலானவை உட்காரும்போது இறகைப் பின்னோக்கி மடக்கி முதுகின் மேல் படுக்க வைத்துக்கொள்ளும். ஈ, வண்டு, கரப்பான், வெட்டுக்கிளி, புகையான் எல்லாம் இப்படித்தான். இதற்கென இறகின் அடியில் சிறு தகடுகளும், அவற்றை இழுக்கும் தசையும் அமைந்துள்ளன. இந்த வசதி பூச்சிகளுக்குப் பெரிய வரமாக அமைந்தது. இறகு மடங்கினால்தான் இலையிடுக்கிலும், பட்டைக்குள்ளும், மண்ணுக்குள்ளும் புக முடியும்.

இந்த வசதி இல்லாத கூட்டங்கள் உலகில் இன்று இரண்டே இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று தட்டான், ஊசித்தட்டான் கூட்டம். மற்றொன்று ஒருநாள் பூச்சி. இவற்றால் இறகை விரித்து வைக்கலாம், அல்லது மேலே தூக்கி ஒட்ட வைக்கலாம். முதுகில் படுக்க வைக்க முடியாது. 1920களில் ருஷ்ய விஞ்ஞானி மார்த்தினோவ், மடங்காத இறகுள்ளவற்றைப் 'பழைய இறகிகள்' என்றும், மடங்கும் இறகுள்ளவற்றைப் 'புதிய இறகிகள்' என்றும் இரு கூறாகப் பிரித்தார். அந்தப் பாகுபாடு இன்றளவும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது.

இறகு முளைத்த பின்னும் ஒரு சட்டை

ஒருநாள் பூச்சியின் பழமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. பூச்சிகள் வளரும்போது பாம்பைப் போலத் தோலுரிக்கின்றன. ஆனால் இறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிவிட்டால் அதோடு சரி, பிறகு தோலுரிப்பதில்லை. வெட்டுக்கிளியானாலும் தேனீயானாலும் இதுவே விதி. இன்று வாழும் பூச்சிகளில் இந்த விதிக்கு ஒரே விலக்கு ஒருநாள் பூச்சிதான்.

நீரிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி தோலுரித்து இறகோடு பறந்து வந்து ஒரு செடியிலோ சுவரிலோ உட்காரும். அப்போது அதன் இறகு மங்கலாக, ஓரத்தில் மெல்லிய மயிரோடு இருக்கும். இது அரைகுறைப் பருவம். பெரும்பாலான இனங்களில் சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் அது மறுபடியும் தோலுரிக்கிறது. உடலின் தோல் மட்டுமல்ல, இறகின் மேல் உறையும் கழன்று வருகிறது! அதன் பிறகே கண்ணாடி போன்ற இறகும் நீண்ட வாலும் கொண்ட முழுப்பூச்சி.

இது ஏன் என்பதற்கு விடை அதன் தூரத்து உறவினரிடம் இருக்கிறது. பழைய புத்தகக் கட்டுகளிலும் பெட்டிகளிலும் ஓடும் வெள்ளிநிறப் பூச்சியை எல்லோரும் அறிவார்கள். இறகே தோன்றாத பழங்குலத்தைச் சேர்ந்த அது, முட்டையிடும் பருவம் வந்த பிறகும் வாழ்நாள் முழுவதும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். அதன் பின்புறத்திலும் மூன்று வால்கள். ஒருநாள் பூச்சிக்கும் மூன்று வால்கள். இறகு தோன்றுவதற்கு முந்தைய காலத்துப் பழக்கத்தின் மிச்சத்தை ஒருநாள் பூச்சி இன்னும் விடாமல் வைத்திருக்கிறது என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பூர்வீக வீட்டின் ஒரு தூணை மட்டும் இடிக்காமல் புது வீடு கட்டிக்கொண்டது போல.

முழுப்பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. குடலில் காற்றுதான் நிறைந்திருக்கும். இளம்பருவத்தில் நீரில் தேடி வைத்த சத்தைக் கொண்டே இணைசேர்ந்து முட்டையிட்டு மடிகிறது. அமெரிக்காவில் உள்ள ஓர் இனத்தில் பெண்பூச்சி ஐந்து நிமிடம்கூட உயிரோடு இருப்பதில்லை. ஆனால் எல்லா இனத்திற்கும் ஒருநாள்தான் ஆயுள் என்று கொள்ளக்கூடாது. தேங்கிய நீரில் வளரும் குளோயான் என்ற பேரினத்தின் ஐரோப்பிய இனமொன்றில், இணைசேர்ந்த பெண் பத்துப் பதினைந்து நாட்கள் மறைவாக உட்கார்ந்து முட்டைகளை வயிற்றிலேயே பக்குவப்படுத்துகிறது. பிறகு அவற்றை நீரில் விட்டதும் உடனே குஞ்சு பொரிக்கின்றன. பெயரைப் பொய்யாக்கும் பூச்சி!

மூன்று கட்சிகள்

தட்டானும் ஒருநாள் பூச்சியும் இறகை மடக்காதவை என்பதால் இரண்டும் உடன்பிறப்புகள் என்று முடிவு கட்டலாமா? இதில்தான் விஞ்ஞானிகளிடையே நூறாண்டுக்கு மேலாக வழக்கு நடக்கிறது.

முதல் கட்சி, ஆம் என்கிறது. இரண்டுக்கும் இறகு மடங்காது, இரண்டுக்கும் உணர்கொம்பு மயிர் போலச் சிறுத்திருக்கும், இரண்டின் குஞ்சுகளும் நீரில் வளர்கின்றன. இரண்டாம் கட்சி, ஒருநாள் பூச்சி மட்டுமே மிகப் பழையது, தட்டான் மற்ற பூச்சிகளுக்கே நெருங்கியது என்கிறது. இறகு வந்தபின் தோலுரிப்பதை ஒருநாள் பூச்சியைத் தவிர மற்ற எல்லாமே நிறுத்திவிட்டன. தாடை தலையோடு பொருந்தும் அமைப்பிலும் தட்டான் மற்ற பூச்சிகளை ஒத்திருக்கிறது. மூன்றாம் கட்சி இதைத் தலைகீழாகச் சொல்கிறது: தட்டான்தான் தனித்துப் பிரிந்தது. தட்டான் இறகின் வேரிலேயே தசையைப் பொருத்திப் பறக்கிறது, அதன் இணைசேர்க்கை முறையும் வேறெந்தப் பூச்சிக்கும் இல்லாத விசித்திரம். ஒருநாள் பூச்சியோ இவ்விரண்டிலும் மற்றப் பூச்சிகளை ஒத்தது.

மூன்று கட்சியிலும் நியாயம் இருக்கிறது. கோரையும் புல்லும் கதையில் சொன்னதுபோல, எந்த உறுப்பைப் பார்ப்பது என்பதுதான் சிக்கல். இறகை மடக்க முடியாமை ஒரு பழைய குணம். பாட்டனிடமிருந்து வந்த பழைய பொருளை இருவர் வைத்திருப்பதால் மட்டும் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள், மற்றப் பேரப்பிள்ளைகள் அதைத் தொலைத்திருக்கலாம். புதிதாகத் தோன்றிய குணம் ஒன்றை இருவரும் பகிர்ந்துகொண்டால்தான் அது நெருங்கிய உறவுக்கு ஆதாரம். உறவுமுறை ஆராய்ச்சியின் அடிப்படையே இதுதான்.

2014ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து பூச்சிகளின் 1,478 மரபணுக்களை ஒப்பிட்டுப் பெரிய வம்சாவளி ஒன்றை வெளியிட்டனர். பூச்சிகளுக்கு இறகு தோன்றியது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று அவர்கள் கணித்தார்கள். ஆனால் அத்தனை மரபணுக்களைப் பார்த்தும் இந்த வழக்கில் உறுதியான தீர்ப்பு கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஆராய்ச்சியில் முதல் கட்சிக்கு ஆதரவு கூடியிருக்கிறது. மூன்று கூட்டங்களும் மிகக் குறுகிய காலத்துக்குள் பிரிந்து போனதும், அதன் பிறகு பல கோடி ஆண்டுகள் கடந்து போனதும் தீர்ப்பைக் கடினமாக்குகின்றன.

கல்லில் பதிந்த சாட்சி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் ஒருநாள் பூச்சியின் முன்னோர்களின் இறகுப் பதிவுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. புரோடிரீஸ்மா என்பது அவற்றின் பெயர். அவற்றின் நான்கு இறகுகளும் ஒரே அளவு. அக்கால இளம்பூச்சிகளுக்கு வயிற்றில் ஒன்பது ஜோடிச் செவுள்கள் இருந்தன. இன்றுள்ளவற்றுக்கு அதிகபட்சம் ஏழு. பின்னிறகு காலப்போக்கில் சிறுத்துச் சிறுத்து, குளோயான் போன்றவற்றில் முற்றிலும் மறைந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னும் பழமையான சான்று ஒன்றை 2011இல் அறிவித்தார்கள். சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈர மண்ணில் வந்து உட்கார்ந்து எழுந்துபோன ஒரு பறக்கும் பூச்சியின் உடல் அச்சு அது. ஒருநாள் பூச்சியின் முன்னோர் வகை என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

ராட்சதப் பல்லிகள் எனப்படும் டைனோசார்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். அவை வந்து, ஆண்டு, அழிந்தும் போயின. ஒருநாள் வாழும் பூச்சியின் குலம் இன்னும் வாய்க்காலில் இருக்கிறது.

இறகு எதிலிருந்து தோன்றியது என்ற கேள்விக்கும் இப்பூச்சியையே நாடுகிறார்கள். இளம்பூச்சியின் வயிற்றுப் பக்கவாட்டில் அசையும் செவுள் போன்ற ஓர் உறுப்பே இறகாக மாறியது என்பது ஒரு கொள்கை. மார்பின் மேல்தகடு பக்கவாட்டில் நீண்டு இறகானது என்பது மற்றொன்று. 2020இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தலைமையிலான குழு குளோயான் இனத்தின் முழு மரபுத்தொகுதியையும் படித்து வெளியிட்டது. சுமார் 18 கோடி எழுத்துகள். மனிதனுடையது 300 கோடி. இறகு வளரும்போது வேலை செய்யும் மரபணுக்களில் பல, செவுளிலும் வேலை செய்வதை அவர்கள் கண்டார்கள். வழக்கு முடியவில்லை என்றாலும் செவுள் கட்சிக்கு வலு கூடியிருக்கிறது.

குடும்பம் பிரித்த கதை

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்திலேயே ஒருநாள் மட்டும் வாழும் பூச்சி பற்றிய குறிப்பு இருக்கிறது. டச்சு நாட்டு மருத்துவர் சுவாமர்டாம் 1675இல் இதன் வாழ்க்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1758இல் லின்னேயஸ் உயிரினங்களை வகைப்படுத்தியபோது, இதை நரம்போடிய இறகுள்ள பல்வேறு பூச்சிகளோடு ஒரே வரிசையில் போட்டுவிட்டார். தட்டானும் அதே மூட்டையில்தான் இருந்தது. ஆங்கிலப் பாதிரியார் ஈட்டன் 1883 முதல் 1888 வரை வெளியிட்ட பெருநூலுக்குப் பிறகுதான் இதன் உட்பிரிவுகள் ஒழுங்குக்கு வந்தன.

1979இல் அமெரிக்காவின் மெக்காஃபர்ட்டி, எட்மண்ட்ஸ் இருவரும் இளம்பூச்சியின் இறகுமொட்டைப் பார்த்து இக்கூட்டத்தை இரண்டாகப் பிரித்தனர். இறகுமொட்டுகள் தனித்தனியே விலகி நிற்பவை ஒரு பிரிவு. பெரும்பகுதி ஒட்டி இணைந்திருப்பவை இன்னொரு பிரிவு. பல ஆண்டுகள் மாணவர்கள் இதைத்தான் படித்தார்கள். 2005லும் 2009லும் ஆக்டன், வைட்டிங் முதலியோர் மரபணுக்களைக் கொண்டு சரிபார்த்தபோது, முதல் பிரிவு ஓர் உண்மையான குலம் அல்ல என்று தெரிந்தது. மொட்டு விலகி நிற்பது பழைய குணம், ஆகவே அது உறவுக்கு ஆதாரமாகாது. மீன் போல நீந்தும் இளம்பூச்சிகளை ஒரே இனமாகக் கருதியதும் இவ்வாறே ஆட்டம் கண்டது. நீந்துகிற உயிருக்கு அந்த உடல்வாகு தேவை. தேவை ஒன்றானால் உருவமும் ஒன்றாகிறது. 2009 ஆராய்ச்சியின்படி, மற்ற எல்லா ஒருநாள் பூச்சிகளுக்கும் முன்பே பிரிந்த கிளை சீனாவின் மலை ஓடைகளில் வாழும் ஓர் அரிய இனம்.

இன்று உலகில் சுமார் 40 குடும்பங்களும், மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. 1762இல் பாரிஸ் அருகே கிடைத்த ஒரு நீர்ப்பிராணிக்கு முதுகில் கேடயம் போன்ற ஓடு இருந்தது. அதைப் பார்த்து, இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது என்றே நூறாண்டுக்கு மேல் எழுதி வந்தார்கள். 1870களில்தான் அது ஒருநாள் பூச்சியின் இளம்பருவம் என்பது நிலைநாட்டப்பட்டது. அந்தப் பேரினத்தின் தென்னிந்திய இனம் ஒன்றை 1967இல் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் விவரித்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில்

மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் சிவராமகிருஷ்ணன் 1984இல் ஒரு புதிய பேரினத்தை விவரித்து, அதன் இனத்திற்குக் குற்றாலத்தின் பெயரையே சூட்டினார். மறுஆண்டு இன்னொரு புதிய பேரினம். இவ்விரு பேரினங்களுக்கும் அவர் வைத்தவை பீட்டர்ஸ், எட்மண்ட்ஸ் ஆகியோரின் பெயர்கள். குற்றாலத்தில் குளிக்க வருபவர்கள் காலடியில் உள்ள கற்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இறகுமொட்டு ஒட்டிய பிரிவில் ஒரு சிறு குடும்பம், தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் காணப்படுகிறது. ஒருநாள் மட்டும் பறக்கும் பூச்சி கடல் தாண்டிப் போக வழியில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலமாக இணைந்திருந்த காலத்தின் உறவு இது என்று விளக்கம் கூறுவர்.

வாய்க்காலில் பார்க்க வேண்டியவை

இளம்பூச்சியைப் பார்க்க விரும்பும் விவசாயிகள், வாய்க்காலில் இருந்து ஒரு கல்லையோ ஊறிய சருகையோ எடுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் அலசினால் போதும். வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும், பின்னால் மயிர் போன்ற மூன்று வால்கள் இருக்கும், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே நகம் இருக்கும். ஊசித்தட்டான் குஞ்சுக்கும் பின்னால் மூன்று உண்டு. ஆனால் அவை இலை போல அகன்றவை, வயிற்றின் பக்கவாட்டில் செவுள் கிடையாது.

இதில் குடும்பம் பார்க்கத் தெரிந்தால் தண்ணீரின் தரமும் தெரியும். உடல் தட்டையாக, கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்து, கல்லோடு ஒட்டி நண்டு போல ஓடுபவை சுத்தமான ஓடும் நீரில் மட்டுமே வாழும். செவுள்கள் கவை போலப் பிரிந்தவையும் பெரும்பாலும் அப்படியே. இரண்டாம் ஜோடிச் செவுள் சதுரமான மூடி போல மற்றவற்றை மூடியிருந்தால், அது சேறு படிந்த அடித்தரையிலும் வாழக்கூடியது. மூடி இல்லாவிட்டால் மென்மையான செவுளில் சேறு அடைத்துவிடும். மெல்லிய உடலோடு மீன்குஞ்சு போல நீந்துபவற்றில் குளோயான் முதலியவை குட்டையிலும் நெல்வயலிலும் சமாளிக்கும். 1970களின் இறுதியில் பிரிட்டனில் வகுத்த நீர்த்தர அளவுகோலில் தட்டையான குடும்பத்துக்கு 10 மதிப்பெண், மூடிச்செவுள் குடும்பத்துக்கு 7, நீந்தும் குடும்பத்துக்கு 4 என்று வைத்தார்கள். மேல்மடையில் தட்டையானவை இருந்து, கடைமடையில் நீந்துபவை மட்டும் இருந்தால், இடையில் ஏதோ தண்ணீரில் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இதன் விளைவைப் பெரிய அளவில் கண்ட இடம் வட அமெரிக்காவின் ஈரி ஏரி. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்த சத்து மிகுந்து பாசி பெருகியிருந்த அந்த ஏரியின் மேற்குப் பகுதியில், 1953இல் காற்றில்லாத வெப்ப நாட்களில் அடிநீரில் பிராணவாயு தீர்ந்து, ஒருநாள் பூச்சிகள் கூண்டோடு அழிந்தன. அவை திரும்பிவர 1990கள் வரை ஆயிற்று. இப்போது அங்கே கூட்டம் கிளம்பும் இரவுகளில் மழை பார்க்கும் ராடார் கருவியிலேயே அது மேகம் போலத் தெரிகிறது. அந்த ராடார் பதிவுகளைக் கணக்கிட்டு, 2012க்குப் பின் சில ஆண்டுகளில் அங்கும் மிசிசிப்பி ஆற்றிலும் இவற்றின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்ததாக 2020இல் அறிவித்தார்கள்.

மருந்தும் இளம்பூச்சியும்

இளம்பூச்சிகள் பெரும்பாலும் பாசியையும் அழுகும் இலைதழையையும் மேய்பவை. நெல்லைத் தாக்கும் பூச்சிகளின் பட்டியலில் இவை இல்லை. மாறாக, இவற்றையும் இவை போன்ற நீர்ப்பூச்சிகளையும் தின்றே தட்டான் குஞ்சுகளும், மீன்களும், சிலந்திகளும் வளர்கின்றன. நட்ட சில வாரங்களில் வயலில் புகையானோ தத்துப்பூச்சியோ அதிகம் இருப்பதில்லை. அப்போது சிலந்திக்கு இரை எங்கிருந்து வரும்? ஜாவாத் தீவின் நெல்வயல்களில் ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. அழுகியதையும் பாசியையும் தின்னும் சிறு பூச்சிகளே, அதிலும் குறிப்பாகக் கொசுக்களைப் போன்றவையே, தொடக்க நாட்களில் நன்மை செய்யும் பூச்சிகளையும் சிலந்திகளையும் பெருக்கி வைக்கின்றன. அந்தப் பருவத்தில் தேவையின்றி மருந்தடித்தால் சிலந்தியும் சாகிறது, அதன் சோறும் சாகிறது. பின்னால் புகையான் வரும்போது தடுக்க ஆள் இல்லை.

புகையானுக்கு நம் பகுதியில் பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் மருந்து, ஒருநாள் பூச்சியின் இளம்பருவத்துக்கு மிகக் கொடியது. நீர்ப்பூச்சிகள் பலவற்றை ஒப்பிட்டு 2013இல் நெதர்லாந்தில் வெளியிட்ட சோதனையில், குளோயானும் மூடிச்செவுள் இனமுமே முதலில் வீழ்ந்தவற்றுள் அடங்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அவை செயலிழந்தன. மருந்தே கூடாது என்பது இதன் பொருளல்ல. எண்ணிப் பார்த்து அடிக்க வேண்டும். புகையான் ஒரு தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியலோ, தூர் பருவத்தில் 10 சதவீதம் குருத்துக் காய்தலோ கணக்கு. விளக்கில் விழுந்த ஒருநாள் பூச்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தெளித்த வயலின் நீரை உடனே வடிகாலில் திறந்துவிடுவதையும், தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு செய்தி. ஹங்கேரியில் 1998இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெண்பூச்சிகள் பளபளக்கும் தார்ச்சாலையை நீர் என்று ஏமாந்து அதன் மேல் முட்டையிடுகின்றன. சோதனைக்காகத் தரையில் விரித்த கறுப்புப் பிளாஸ்டிக் தாளிலும் அப்படியே வந்து இறங்கின. காய்கறிப் பாத்திகளில் கறுப்புத் தாள் மூடாக்கு இடுவோர், வாய்க்கால் அருகே தாளின் மேல் மாலையில் இவை குவிந்தால் பயிருக்குத் தீங்கு வந்ததாக அஞ்ச வேண்டாம்.

மங்கலான இறகோடு விளக்குக்கு வரும் பூச்சி ஒன்றைக் கசக்காமல் பிடித்து, ஈரத்துணியின் மேல் ஒரு குச்சியோடு கண்ணாடி டம்ளரால் கவிழ்த்து நிழலில் வைத்தால், பெரும்பாலும் மறுநாள் காலையில் இரண்டைப் பார்க்கலாம்: குச்சியில் ஒட்டிய வெண்மையான வெற்றுச் சட்டை ஒன்று, கண்ணாடி இறகோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பூச்சி ஒன்று.